கறுப்புக் கார்டும் உப்பளத்து வண்டியும்

மரக்காணம்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே வெயில் அதன் வேலையைச் செய்கிறது, நாங்கள் எங்கள் வேலையைச் செய்கிறோம், நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குர்கானில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், அனல் காற்று அடிக்கிறது என்று டிவியில் காட்டினார்கள், மத்தியானத்தில் வெளியே சுற்றாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "யம்மா, மீட்டிங் இருக்குது, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. போன மாதம் உன் போனுக்கு அந்த மெசேஜ் வந்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டு "கார்டை யார்கிட்டயாவது குடுத்து ஏமாந்துட்டியாம்மா, எவனோ சொகுசு வண்டிக்காரனுக்குக் காசு போயிருக்குது, நான் பிளாக் பண்ணிட்டேன்" என்று அழாத குறையாகக் கேட்டாய். நான் "யாரும் ஏமாத்தல, நான்தான் தேய்ச்சேன், விவரமா எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். விஷயம் முடியட்டும், முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். முடிந்துவிட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் யுவா, உப்பளத்தில் வேலை செய்கிற நாங்கள் நாற்பது பேரும்.

தை மாதத்தில் என்னை உன்னோடு விமானத்தில் அழைத்துப் போனாயே, அங்கிருந்துதான் இது தொடங்கியது. மெட்ராஸ் ஏர்போர்ட்டில் எல்லோரும் இரும்பு நாற்காலியில் காத்துக் கிடக்க நீ அந்தக் கறுப்பு கிரெடிட் கார்டை நீட்டியதும் லவுஞ்ச் என்கிற தனி அறை வாசலில் இருந்த பெண் எழுந்து நின்று கும்பிட்டாள், உள்ளே விட்டாள். சோபா, குளிர், வரிசையாகப் பாத்திரங்களில் சாப்பாடு. நான் அசந்துபோவேன் என்று நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முதலில் கேட்டது "கக்கூஸ் எங்க இருக்குது?" என்று. உனக்குச் சங்கடமாகப் போய்விட்டது, "மெதுவா பேசும்மா" என்றாய். எனக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டாய், அவசரம் இல்லை. தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யத்தான் கேட்டேன். உப்பளத்தில் இறங்கும் எந்தப் பொம்பளையும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். இருட்டோடு இருட்டாக வேலிக்காத்தான் புதருக்குப் போய்விட்டு வேலையில் இறங்கினால் பிறகு மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தானே, மறைவுக்கு ஒரு செடி கிடையாது. ஆம்பளைகள் திரும்பி நின்றால் போதும். எங்களுக்கு அது முடியாது. மாதத்தில் அந்த நாட்களில் கூலியே வேண்டாம் என்று பாதிப் பேர் வீட்டில் இருந்துவிடுவார்கள். அந்த லவுஞ்சில் உட்கார்ந்து நான் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தேன், நீகூட "சாப்புடும்மா, தண்ணியைக் குடிச்சே வயித்த ரொப்பாத" என்று திட்டினாய். என் வாழ்க்கையில் பயமில்லாமல் தண்ணீர் குடித்த காலைப்பொழுது அது.

ஊருக்குத் திரும்பிய பிறகு உன் கார்டோடு சேர்ந்த இன்னொரு கார்டு என் பெயரில் வந்தது. கல்யாணப் பத்திரிகை போல ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி, அதற்குள் இரும்புத் தகடு போலக் கனமாக அந்தக் கார்டு. உன் அப்பா கையில் தூக்கிப் பார்த்து "இதுல மீன் செதில் சீவலாம் போலருக்குதே" என்றார். அதன் பின்னால் ஒரு போன் நம்பர் இருக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், எது வேண்டும் என்று கேட்டாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள் என்று நீ சொன்னாய். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். உன்னைப் போன்றவர்கள் அதில் ஓட்டலில் மேசை போடச் சொல்வார்கள், பூங்கொத்து அனுப்பச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. எது வேண்டுமானாலும் என்றால் எது வேண்டுமானாலும்தானே.

சித்திரை பிறந்த வாரம் மேரிசெல்வி பாத்தியிலேயே விழுந்துவிட்டாள். உனக்குத் தெரியும் அவளை, நீ காலேஜ் போன முதல் நாள் உனக்குத் தலைபின்னி விட்டவள். காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உப்புத் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தாள், நானும் இன்னொருத்தியும் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீர்த் தாரையில் கிருமி, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர்தான், "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லையா, ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும்" என்றார். மேரிசெல்வி அந்தக் காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டு "குடிக்கறேன் டாக்டர், அப்படியே அத எங்க ஊத்தறதுன்னும் சீட்டுல எழுதிக் குடுங்க" என்றாள். பிறகு அவர், இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவள் புருஷன் இல்லாதவள், வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனால் செத்துப்போவாள். எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்து ஆட்கள் செத்தபோது எத்தனை கார்கள் வந்தன, எத்தனை கேமரா வந்தது என்று பார்த்தாயே. ஒருத்தி மூத்திரத்தை அடக்கி அடக்கிச் செத்தால் சைக்கிள்கூட வராது.

நாங்கள் கேட்காமல் இல்லை. குத்தகைதாரர் தட்சணாமூர்த்தியிடம் வருஷா வருஷம் கேட்டோம். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வார், "ஏம்மா, இது சர்க்கார் பூமி, நான் குத்தகைக்காரன், ஒரு செங்கல் வெச்சேன்னா என் குத்தகையே போயிடும், கட்டடம் கட்ட சட்டத்துல எடமில்ல." சட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை, கூலி கொடுக்கும்போது மட்டும் அந்தச் சட்டம் எங்கேயோ போய்விடும். மேரிசெல்வி விழுந்த பிறகு போய்க் கேட்டதற்கும் அதே பதில், கூடவே மேஸ்திரி பிரபாகரன் "இத்தினி வருஷம் இல்லாத மூத்திரம் இப்ப இன்னா புதுசா வருது உங்களுக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னை வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் திறக்க வைத்தது.

போனை எடுத்த பெண்ணின் பெயர் ஜெயப்ரியா, தமிழ்ப் பெண், வார்த்தைக்கு வார்த்தை மேடம். எது கேட்டாலும் செய்வீர்களா என்று கேட்டேன், "லீகலா இருந்தா எது வேணும்னாலும் மேடம்" என்றாள். கக்கூஸ் வேணும் என்றேன். "எத்தனை கெஸ்ட் மேடம்?" என்றாள். நாற்பது பேர் என்றேன். "என்ன ஈவென்ட் மேடம்?" என்றாள். உப்பு வாருவது என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டடம் கட்டக்கூடாதாம் என்று நான் சொன்னதும் "கட்டடம் எதுக்கு மேடம், பீச்ல கல்யாணம் பண்றவங்களுக்கு வண்டியாவே வருமே, லாரி பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்து நிறுத்துவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். யுவா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் செங்கல் செங்கல் என்று அவர் சொன்னதை நாங்களும் செங்கலாகவே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். சக்கரம் வைத்த ஒன்று இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதை நாங்கள் எங்கே பார்த்தோம்.

ஒரே ஒரு நாள் வாடகைக்குச் சொன்னேன். காசு உன்னுடையது, உன்னைக் கேட்காமல் செலவு செய்தேன், கேட்டிருந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருப்பாய், அதற்குள் உப்பு வாரி முடிந்திருக்கும். வண்டி வந்தது பார், அது கக்கூஸ் இல்லை, அரண்மனை. ஆரோவில் பக்கம் எங்கேயோ கடற்கரைக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருந்தது. வெள்ளை வெளேர் என்று, படிக்கட்டு வைத்து, உள்ளே ஏசி, ஆள் உயரக் கண்ணாடி, கை கழுவுகிற இடத்தில் பிளாஸ்டிக் பூ, காலுக்குக் கம்பளம். வண்டியோடு வந்த பையன் அருண்ராஜ் எங்கள் காலைப் பார்த்தான், முழங்கால் வரை உப்புப் பூத்துப்போன கால்கள், கம்பளத்தைப் பார்த்தான், "யக்கா, இதுல சினிமாக்காரங்கதான் போவாங்க" என்று இழுத்தான். மேரிசெல்வி ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ரெண்டாம் நாளே வேலைக்கு வந்திருந்தாள், அவள் "அவங்களுக்கு இன்னா தம்பி பன்னீரா வருது, தள்ளு" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அவன் சிரித்துவிட்டான், பிறகு அவனே கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தான். காசு எடுக்கும் மெஷினுக்கு உப்பளத்தில் சிக்னல் கிடைக்கவில்லை, நானும் அவனும் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈசிஆர் ரோடு வரைக்கும் நடந்தோம், அங்கேதான் உனக்கு அந்த மெசேஜ் வந்தது.

அன்றைக்கு எல்லோரும் தண்ணீர் குடித்தோம். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முதலில் யாருக்கும் கை வரவில்லை, பாட்டிலை வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பிறகு மேரிசெல்வி அண்ணாந்து ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்து முடித்தாள், அதற்குப் பிறகு குடங்கள் காலியாகின. ஏசி வண்டியைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தட்சணாமூர்த்தி காரில் பறந்து வந்தார், வாடகை கொடுக்காமல் யாரோ சினிமா எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "யாரைக் கேட்டு ஷூட்டிங் எடுக்கறீங்க, டைரக்டர் எங்க?" என்று கத்திக்கொண்டு வண்டிக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து மேரிசெல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து "நான்தான், இன்னா வேணும்?" என்றாள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மேஸ்திரிகூடத் திரும்பிக்கொண்டு சிரித்தான். தட்சணாமூர்த்திக்கு முகம் சிவந்து "கட்டடம் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று தொடங்கினார். நான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன், "இதுல செங்கல் எங்க இருக்குதுன்னு காட்டுங்க மொதலாளி, நாலு சக்கரம்தான் இருக்குது" என்றேன். "ஒரு நாள் கூத்து, நாளைக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நல்ல கேள்விதான். மறுநாள் வண்டி இல்லை, நாங்களும் பாத்தியில் இறங்கவில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, கோஷம் போடவில்லை, வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒரு நாள் குடித்துப் பார்த்துவிட்டோம், இனிமேல் நாக்கு வறளக் காத்திருக்க யாருக்கும் உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். பாத்தி முழுக்க உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடக்கிறது, கிழக்கே கோடை மழை மேகம் கட்டுகிறது, ஒரு மழை அடித்தால் அத்தனையும் கரைந்துவிடும். மேஸ்திரி வந்து கெஞ்சினான், மிரட்டினான், மறுபடியும் கெஞ்சினான். அடுத்த நாள் காலையில் தட்சணாமூர்த்தி கிளியனூர்ப் பக்கம் இருந்து வேறு பொம்பளைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நாங்கள் நிஜமாகவே பயந்துவிட்டோம். அவர்கள் இறங்கி, உப்பு வாரும் பலகையைக் கையில் வாங்கி, எங்களைப் பார்த்து "இன்னாத்துக்கு குந்திக்கினு இருக்கறீங்க?" என்றார்கள். சொன்னோம். அவர்களில் வயசான ஒருத்தி மேஸ்திரி பக்கம் திரும்பி "அந்த வண்டி எங்கப்பா?" என்றாள். போய்விட்டது என்றான். "அது வர்ற வரைக்கும் எங்களுக்கும் கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், பின்னாலேயே மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யுவா, என் கண்ணில் தண்ணீர் வந்தது, உப்புக் காற்றால் இல்லை.

அன்று சாயங்காலமே தட்சணாமூர்த்தி வழிக்கு வந்தார். ஏசி இல்லை, கண்ணாடி இல்லை, ரெண்டு கதவு வைத்த சாதாரண வண்டி, சக்கரத்தோடு, சொந்தமாகவே வாங்கி நிறுத்திவிட்டார், பக்கத்தில் குடிதண்ணீர் டிரம், உட்காரத் தார்ப்பாய் நிழல். தொட்டியை வாராவாரம் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், அந்தச் செலவும் அவருடையது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முறுக்கினார், தினமும் கழுவுவதற்கு "உங்க தெருவுல இருந்து ஒருத்திய வுட்ருங்க" என்று மேரிசெல்வியைப் பார்த்துச் சொன்னார். அவர் எந்தத் தெருவைச் சொன்னார், ஏன் சொன்னார் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேரிசெல்வி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், யார் யார் உபயோகிக்கிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் முறை வரும், எந்தத் தெருவாக இருந்தாலும் வரும், ஒரு கதவை ஆம்பளைகள் உபயோகித்தால் அவர்களுக்கும் வரும். வியாழக்கிழமை மேஸ்திரி பிரபாகரனின் முறை. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தேய்த்தான், நாங்கள் "அந்த மூலையில இன்னும் இருக்குது மேஸ்திரி" என்று வேலை வாங்கினோம். இத்தனை வருஷத்தில் அவன் எங்களிடம் வாங்கிய வேலைக்கு அது காணாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஜூன் மாதம் அந்தக் கார்டுக்கு வருஷக் கட்டணம் வருகிறது, கட்டட்டுமா மூடிவிடட்டுமா என்று கேட்டாய், உன் மேனேஜர் அது வொர்த் என்கிறார் என்றாய். நீ கணக்குப் போட்டுக் காட்டியதை நானும் கேட்டேன், இலவச ஓட்டல், பாயிண்ட், இன்னும் இவ்வளவு செலவு செய்தால் இன்னும் இவ்வளவு இலவசம் என்று. செலவு செய்தால் வருவது இலவசம் இல்லை, அது வியாபாரி போடும் தூண்டில், உன் அப்பா கடலில் போடுவதைவிடப் பெரியது. வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை ஊருக்கு வருகிறவள் நீ, அந்த லவுஞ்சில் சாப்பிடும் இட்லியின் விலையை நீயே வகுத்துப் பார். அருண்ராஜிடம் கேட்டேன், சக்கரம் இல்லாத சாதாரண ஒற்றைக் கக்கூஸ் என்ன விலை என்று. நீ கட்டும் ஒரு வருஷக் கட்டணத்தில் நாலு சுவரும் ஒரு கதவும் உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வாங்கிவிட்டு மிச்சமும் இருக்கும். இதற்குமேல் வொர்த் என்றால் என்ன என்று உன் மேனேஜரிடம் கேள்.

உனக்கு ஏன் அது பிடித்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நீ படித்த பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் பூட்டியே கிடக்கும், சாவி டீச்சர்களிடம் இருக்கும், நீ சாயங்காலம் பையை வீசிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடுவாய். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு, அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது என்றால் பிடிக்கத்தான் செய்யும், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டால் அந்தக் கார்டை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், வெளியே இரும்பு நாற்காலியில் ஆட்கள் காத்துக்கிடந்தால்தான் உள்ளே சோபாவுக்கு மதிப்பு. அதற்குத்தான் உன்னிடம் காசு வாங்குகிறார்கள். இன்னொன்றும் கேள். போன வாரம் ஜெயப்ரியா கூப்பிட்டு "ஈவென்ட் நல்லா போச்சா மேடம்" என்று விசாரித்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மேடத்தை விட்டுவிட்டு, "யக்கா, எங்களுக்கும் இங்க பாத்ரூம் போனா கம்ப்யூட்டர்ல நேரம் ஓடும்க்கா, அதிகமானா சம்பளத்துல கை வெப்பாங்க, நானும் ஷிஃப்ட்ல தண்ணி குடிக்கறதில்ல" என்றாள். உனக்கு எது வேண்டும் என்றாலும் கொண்டுவந்து கொடுக்கிறவள், யுவா, அவளும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துச் சீட்டுக்காரிகளோடு பேசு, ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக எழுந்திருங்கள் என்று சொல்லி வைத்தேன். பேசுகிறேன் என்றாள். பேசுவாள், குரலில் தெரிந்தது.

அதனால் மூடிவிடு என்பது என் முடிவு, உன் காசு, உன் இஷ்டம். என் கார்டை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன், நெத்திலிக் கருவாட்டுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது, திருடுகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். வெட்டிப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், கத்தரிக்கு அது மசியவில்லை, உன் அப்பா தகரம் வெட்டுவதில் வெட்டித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன், ஒரு நாள் என்றாலும் நல்ல வேலை செய்த கார்டு. வண்டி வாடகையை நான் உனக்குத் திருப்பித் தரப் போவதில்லை, அது உன் பங்கு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மேரிசெல்வி உனக்குத் தனியாக முத்தம் அனுப்பச் சொன்னாள். கருவாட்டை வெயிலில் ஒரு தடவை காய வைத்துவிட்டு டப்பாவில் போடு. கூட இருக்கும் பெண்ணுக்கும் கொடு, வாடை பிடிக்கவில்லை என்றால் வறுத்துக் கொடு, பிடிக்கும். தீபாவளிக்கு இப்போதே லீவு சொல்லி வை.

எந்த வாசலிலும் தலைநிமிர்ந்து போகிறவளாக இரு, போன பிறகு கதவைப் பின்னால் வருகிறவளுக்காகப் பிடித்துக்கொள், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. மீட்டிங் மீட்டிங் என்று இருக்கிறாயே, நடுவில் எழுந்து தண்ணீர் குடி, நிறையக் குடி. நான் இன்று காலையில் ரெண்டு சொம்பு குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், நாளைக்கும் குடித்துவிட்டுத்தான் உப்பளத்துக்குப் போவேன்.

உன் அம்மா,
கு. அம்சவல்லி